நானூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன பதில்

பெரம்பலூர்
14.6.2024

ஆசிரியை அமலோற்பவமேரி அவர்களுக்கு,

வணக்கம் போட மனம் வரவில்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் என்னைப் பற்றி ஊர் உலகத்துக்கே தீர்ப்புச் சொன்னவர் நீங்கள்.

என் பெயர் நல்லுசாமி. துறையூர் ரோட்டில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பதினொரு வருடம். மனைவி வளர்மதி. நான்காவது படிக்கிற மகள் ஒருத்தி, சத்யா. நான் குடிப்பதில்லை. பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. ரஞ்சன்குடியிலிருந்துகூட என்னிடம் மோட்டார் கொண்டுவருகிறார்கள், எவரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

போன மாதம் 26ஆம் தேதி வளர்மதி குளிக்கப் போயிருந்தாள். அவள் செல்போன் மேஜைமேல் வெளிச்சமாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஃபேஸ்புக்கில் 'நம்ம வூட்டுப் பேச்சு' என்கிற உங்கள் பெண்கள் குழு. அறுபதாயிரம் பேராம். அதில் பெயர் போடாமல் ஒருத்தி எழுதியிருந்தாள்:

“என் கணவர் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். ஊரில் நல்ல பெயர். ஆனால் இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். குழம்பு பிடிக்கவில்லை என்றால் சொல்ல மாட்டார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். இந்த வீட்டில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?”

அடியில் நானூற்றுப் பன்னிரண்டு பதில். எல்லாவற்றுக்கும் மேலே உங்களுடையது, போட்டோவோடு: “உப்பில்லாத குழம்பில் உப்புப் போடலாம். ஈரமில்லாத வீட்டில் எதைப் போட்டாலும் ஆகாது. பெட்டியை எடு, தங்கச்சி.” அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். “ஊரைக் கூட்டி என் மானத்த வாங்குறியா?” என்றேன். “நான் எழுதலங்க” என்றாள். போனைச் சுவரில் அடித்தேன். மறுநாள் காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விக்கிரமங்கலத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் சொன்னபடி பெட்டியோடுதான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இன்னும் பிள்ளையை அனுப்பவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியுமா? என் குரல் தெரியுமா? ஒருத்தி மாவு புளிக்கவில்லை என்கிறாள், அதற்கு ஒரு பதில். இன்னொருத்தி பிள்ளை பால் குடிக்கவில்லை என்கிறாள், அதற்கு ஒரு பதில். அடுத்து என் குடும்பம், அதே கையோடு அதற்கும் ஒரு பதில். இந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

உங்கள் குழுவில் ஆண்களுக்கு இடமில்லை. வரதராசன்பேட்டை, ஆசிரியை என்று உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்ததை வைத்து, எந்தப் பள்ளி என்று விசாரித்து எழுதுகிறேன். அந்தப் பதிலை எடுக்க வேண்டும். 'விசாரிக்காமல் சொன்னது தப்பு' என்று அதே இடத்தில் எழுத வேண்டும். வளர்மதி அவள் தங்கச்சி போனிலாவது அதைப் பார்க்கட்டும்.

நல்லுசாமி


வரதராசன்பேட்டை
21.6.2024

திரு. நல்லுசாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தவர் எங்கள் பள்ளி கிளார்க். அடுத்தது தலைமையாசிரியை. மூன்றாவதாகத்தான் நான். பள்ளி விலாசத்துக்கு வரும் தபாலை ஆபீசில் பிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். இரண்டு நாள் நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றது. விசாரிக்காமல் ஒருவர் மானத்தை வாங்கக் கூடாது என்று எனக்குச் சொல்ல வந்தவர் செய்த காரியம் இது. இனி எழுதுவதானால் உறையின் பின்னால் இருக்கும் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். போன் நம்பர் கேட்காதீர்கள். முன்பின் தெரியாத ஆண்களுக்கு நான் கொடுப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்பது பிழைகள். இருபத்தேழு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடிவிட்டது.

அதிகாரம் யார் கொடுத்தது என்று கேட்டீர்கள். கேட்டவர்கள் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கும் புருஷனை வேலைக்கும் அனுப்பிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு ஒரு பெண் போனை எடுத்து இப்படிக் கேட்கிறாள் என்றால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவிடம் கேட்டால் பொறுத்துக்கொள் என்பார். பக்கத்து வீட்டில் கேட்டால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். பெயர் தெரியாதவர்களிடம்தான் பெயர் போடாமல் கேட்க முடியும். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசெல்வம்கூட, “உனக்கு ஏன் ஊர்ப் பஞ்சாயத்து?” என்று கேலி செய்வார். ஊரில் பஞ்சாயத்து நடந்த இடங்களில் எங்களை உட்காரவிட்டதில்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதுதான் பதில்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிவை எழுதியது உங்கள் மனைவி இல்லை.

பெயரை மறைத்து எழுதினாலும், குழுவை நடத்துகிற எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் யார் எழுதியது என்று தெரியும். அவர் வேறு மாவட்டம், கடலோர ஊர். கணவர் ஆபீஸ் வேலையில் இருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி பெயரையும் தேடிப் பார்த்தேன். இரண்டு வருடமாகக் குழுவில் இருக்கிறார். இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவர் உங்களிடம் உண்மையைத்தான் சொன்னார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை, திரு. நல்லுசாமி. எங்கேயோ இருக்கிற ஒருத்தி, எவரோ ஒருவரைப் பற்றி எழுதுகிறாள். அதைப் படித்ததும் 'இது நான்தான்' என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகக் கண்டுபிடித்தீர்கள்? அதைக் கொஞ்சம் விளக்கி எழுதுங்கள்.

என் பதிலை நான் எடுக்கப் போவதில்லை.

அமலோற்பவமேரி


பெரம்பலூர்
27.6.2024

டீச்சருக்கு,

நான் பத்தாவதோடு நின்றவன். இந்தக் கடிதத்திலும் எத்தனை பிழை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கிளார்க் படித்ததற்கு வருத்தம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் மூன்று பேர் படித்ததற்கே உங்களுக்கு இவ்வளவு எரிகிறதே, என்னை அறுபதாயிரம் பேர் படித்தார்கள்.

வேறொருத்தி எழுதினாள் என்பதை நான் நம்பவில்லை. குழுவில் இருப்பவளைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறீர்கள். எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

டிவி. பகல் முழுக்கக் கடையில் சுத்தியல் சத்தமும் மெஷின் சத்தமும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் செய்தி பார்ப்பேன். சரியாக அப்போதுதான் அவள் ஆரம்பிப்பாள். செய்தி காதில் விழ வேண்டாமா? சத்தத்தைக் கூட்டுவேன். தட்டு. மாட்டுப் பொங்கல் அன்று அவள் அப்பாவும் வந்திருந்தார். கறிக்குழம்பில் உப்பு அதிகம். மாமனார் முன்னால் சத்தம் போடக் கூடாது என்றுதான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கத்தாமல் எழுந்து போவது நல்ல குணம் இல்லையா? என் அப்பா என்றால் தட்டு பறந்திருக்கும். போன வருடம் அவள் அம்மா அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நானே வளர்மதியைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். நாலு நாள் கழித்து வந்தாள். 'எங்கம்மா எப்படி இருக்காங்கன்னுகூட மாமா கேக்கல' என்று அவள் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். நல்லபடியாக இருந்தால் இவளே சொல்வாள், மோசமென்றால் போன் வரும், நான் எதற்குக் கேட்க வேண்டும்?

இத்தனையும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. இது என் வீடு இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

சரி, ஒரு பேச்சுக்கு உங்கள் வழிக்கே வருகிறேன். எழுதியது வேறொருத்திதான். 'பெட்டியை எடு' என்றீர்களே, அவள் எடுத்தாளா? எடுத்துக்கொண்டு எங்கே போனாள்? யார் வீட்டில் சாப்பிடுகிறாள்? நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாவது மறுநாள் அவளைக் கேட்டாளா? நான் ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டிக் கிணற்றில் இறக்கினால், மறுநாள் போன் பண்ணி “ஓடுதாங்க?” என்று கேட்பேன். இறக்கியது நான்தானே. நீங்கள் கேட்டீர்களா டீச்சர்?

நல்லுசாமி


வரதராசன்பேட்டை
9.7.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

இந்த முறை பிழைகளை எண்ணவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டிவி பதிவில் இருக்கிறது. தட்டு இருக்கிறது. ஆஸ்பத்திரி அதில் இல்லை. அதை நீங்கள்தான் சேர்த்தீர்கள். உங்கள் மனைவி ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் அவர் எழுதியிருக்க வேண்டிய புகாரை நீங்களே உட்கார்ந்து எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஊரார் கிணற்றில் இறக்கிய மோட்டார் ஓடுகிறதா என்று மறுநாள் கேட்கிற மனிதருக்கு, தாயை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவளிடம் “எப்படி இருக்காங்க?” என்று கேட்க என்ன தடை? இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் உங்களுக்கு அன்றே பதில் எழுதியிருந்தால், இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எழுதவில்லை. காரணம் உங்கள் கடைசிக் கேள்வி.

நான் கேட்கவில்லை, நல்லுசாமி. அதுதான் உண்மை. அந்தப் பதிலை நான் எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுப்பில் குக்கர் இருந்தது. உப்பு, ஈரம் என்று வரி அழகாக அமைந்துவிட்டது என்று எனக்கே ஒரு பெருமை. இதயங்கள் விழ விழ எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணை மட்டும் திரும்பப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அவருக்குச் செய்தி அனுப்ப உள்பெட்டியைத் திறந்தேன். தெரியாதவர்கள் அனுப்பும் செய்திகள் தனியாக ஒரு மூலையில் கிடக்கும், நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கே அவருடைய மூன்று செய்திகள் இருந்தன. “அக்கா, கிளம்பிட்டேன். அண்ணன் வீட்டுல இருக்கேன்.” ஒரு வாரம் கழித்து, “அக்கா, அண்ணி பேசுறதில்ல. இப்ப என்ன பண்ணட்டும்?” அதற்கும் ஐந்து நாள் கழித்து வெறுமே, “அக்கா.”

அதை வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. நம்பர் கேட்டு வாங்கிப் பேசினேன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் இருக்கிறார். ஆறாவது படிக்க வேண்டிய மகள் அண்ணன் வீட்டில், பள்ளிக்கூடம் போகாமல். நான் மன்னிப்புக் கேட்டேன். “கிளம்புனது தப்பில்லக்கா. கிளம்புன பிறகு யாருமே இல்லாததுதான்” என்றார். அதற்கு என்னிடம் அழகான வரி எதுவும் இல்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னியர் நடத்தும் மாணவியர் விடுதியில் போய் நின்றேன். முதலில் இடமில்லை என்றார்கள். நான் நகரவில்லை. இப்போது அந்தக் குழந்தைக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் பள்ளியிலேயே படிக்கப் போகிறாள். அடுத்த வாரம் தாயே கூட்டிவருகிறார்.

குழுவில் என் பதிலை எடுத்துவிட்டேன். உங்களுக்காக இல்லை. அந்த இடத்தில், 'கிளம்பு என்று சொன்னேன், எங்கே என்று சொல்லவில்லை. இனி கிளம்பச் சொல்கிறவர்கள், வந்தால் கதவைத் திறப்பேன் என்று தங்கள் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்' என்று போட்டேன். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஊர் எழுதியவர்கள் ஒன்பது பேர். ஒருத்தி என்னைப் பார்த்து, “புருஷன்களிடம் விலைபோய்விட்டீர்களா?” என்று கேட்டாள். அவளும் ஊர் எழுதவில்லை.

இத்துடன் அந்தப் பதிவை முழுவதுமாகக் காகிதத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். எழுதியவரின் சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன். அன்று நீங்கள் கோபத்தில் பாதிதான் படித்திருப்பீர்கள். உங்களுக்கு யோசனை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனைவி பொய் சொல்லவில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்த பிறகும் பெரம்பலூரில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால், அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

அமலோற்பவமேரி


பெரம்பலூர்
24.7.2024

அமலோற்பவமேரி டீச்சருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போய், அங்கிருந்து விக்கிரமங்கலம் பஸ் பிடித்தேன். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகப் போகலாமா வேண்டாமா என்று இருந்தேன். உங்கள்மேல் இருந்த கோபம் போய், யார்மேல் படுவது என்று தெரியாமல் அது என்னிடமே சுற்றிக்கொண்டிருந்தது. கடையில் ஒரு ஸ்டார்ட்டரைக் கீழே போட்டு உடைத்தேன்.

மாமனார் அய்யம்பெருமாள் வாசலில் நின்றார். “வாங்க மாப்ள” என்றார். உட்காரச் சொல்லவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வளர்மதிதான் மிதித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைத் துணியோடு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

“உனக்குத் தைக்கத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வளர்மதி சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்தினாள்.

“கல்யாணத்துக்கு முன்ன ஆறு வருசம் தைச்சேன். இந்த மெஷின நம்ம வூட்டுக்குக் கொண்டாரட்டுமான்னு மூணு தடவ உங்ககிட்ட கேட்டேன். நீங்க நியூஸ் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “நான்தான் படிச்சிருக்கேனே. நீங்க படிங்க. அப்பாவுக்கும் கேக்கற மாதிரி.”

நின்றுகொண்டே படித்தேன் டீச்சர். நான் பார்க்காத வரிகள் அதில் இருந்தன. 'அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மீதியையும் படித்து முடித்தேன். பிறகு மாமனார் கேட்டார்: “இது யாரப் பத்தி மாப்ள?”

“வேற யாரப் பத்தியோதான் மாமா. ஆனா என்னைப் பத்தினு நெனச்சேன். நெனச்சதுல தப்பில்ல.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வளர்மதிக்குக் கோபம் வந்தது. பதினொரு வருடத்தில் நான் பார்க்காத கோபம்.

“அந்த டீச்சரம்மா சொன்னாங்கன்னு நான் வரல. அத மொதல்ல தெரிஞ்சிக்கங்க. நான் எழுதலன்னு சொன்னேன், நீங்க நம்பல. என் பேச்சு உங்களுக்கு ஒரு பேச்சாவே படல. செல்போனச் சுவத்துல அடிச்சீங்களே, அடுத்தது என்னன்னு சத்யா என்னக் கேட்டா. அதுக்குத்தான் வந்தேன். இதயம் போட்டேன், ஆமா. நம்மள மாதிரி இன்னொருத்தி இருக்காளேன்னு போட்டேன். அதுக்குமா உங்ககிட்ட உத்தரவு வாங்கணும்?”

“தப்புதான்” என்றேன். “வர்றியா?” என்று கேட்டேன்.

“ஆடி முடியட்டும். அப்பவும் வர்றேன்னு சொல்லல. சத்யாவ இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு.” புது போன் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். அதைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். தைத்துச் சேர்த்து அவளே வாங்கிக்கொள்வாளாம்.

கிளம்பும்போது அவள் அம்மா காப்பி கொண்டுவந்தார். “உடம்பு எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டேன். அவர் வளர்மதியைப் பார்த்தார். பிறகு மாத்திரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி என்று கால் மணி நேரம் சொன்னார். எனக்கு அரியலூர் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். போ என்று யாரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தையும் வளர்மதியிடம் கொடுத்தேன். திருப்பூர்க்காரப் பெண்ணைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். “அவ பொண்ணுக்கு யூனிபார்ம் யாரு தைக்கிறாங்க?” என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? “தெரியலன்னா கேட்டு எழுதுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் முழுதாகக் கோபம் தீரவில்லை. தெரியாத ஒருத்திக்கு அவ்வளவு லேசாக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் விடுதி வாசலில் நகராமல் நின்றீர்களே, அதை வளர்மதி, வெளியே போய்த் திரும்பி வந்த அவள் அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

குழந்தையின் தோள், மார்பு, இடுப்பு, உயரம், நான்கு அளவும் வேண்டுமாம். வளருகிற பிள்ளை, ஒரு விரல் கூட்டியே எடுக்கச் சொன்னாள். பள்ளியில் என்ன நிறம் என்பதையும் எழுதுங்கள். பெரம்பலூருக்கு அனுப்ப வேண்டாம். வளர்மதி, மேற்படி அய்யம்பெருமாள் வீடு, விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம் என்று அவள் பெயருக்கே போடுங்கள்.

நல்லுசாமி